பதினொரு மணிப் பரோட்டா: இரவுப் பேருந்து நிறுவனங்களுக்கும் வழியோர உணவகங்களுக்கும் ஒரு திறந்த மடல்

இரவுப் பேருந்துகளை இயக்குவோருக்கும் நெடுஞ்சாலையோரம் உணவகம் நடத்துவோருக்கும் வணக்கம்.

வேலை சென்னையில், வீடு திருநெல்வேலியில். வெள்ளிதோறும் படுக்கைப் பேருந்தில்தான் ஊருக்குப் போகிறேன். கிளாம்பாக்கத்தில் எட்டரை மணிக்கு ஏறினால், விழுப்புரத்தை நெருங்கும்போது பத்தே முக்காலுக்கோ பதினொன்றுக்கோ வண்டி நிற்கும். "இருபது நிமிடம்தான்" என்பார் நடத்துநர். இட்லி கேட்டால் தீர்ந்துவிட்டது என்பார்கள். கல்லில் பரோட்டா இருக்கும், வாளியில் எண்ணெய் மிதக்கும் சால்னா இருக்கும். பசியில் அள்ளிப்போட்டுக்கொண்டு, கை ஈரம் காய்வதற்குள் படுக்கையில் மல்லாந்துவிடுவோம். திருச்சியைத் தாண்டும்போது நெஞ்சுக்கூட்டுக்குள் நெருப்பு எரியும். புளித்த நீர் தொண்டைவரை எதுக்களித்து வரும். எழுந்து உட்காரத் தலைக்கு மேல் இடம் இருக்காது. விடியும்வரை ஒருக்களித்துச் சாய்ந்தபடியே கிடந்த இரவுகள் எனக்குப் பல உண்டு.

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு சுருக்குத்தசை இருக்கிறது. உணவு இறங்கியதும் அது இறுக மூடிக்கொள்ள வேண்டும். வயிறு முட்டச் சாப்பிட்டாலும், கொழுப்பு மிகுந்த உணவைச் சாப்பிட்டாலும் அந்தப் பிடி தளர்கிறது. எண்ணெய்ப் பண்டம் இரைப்பையை விட்டு இறங்கவும் நேரம் எடுக்கும். நாம் நிமிர்ந்திருந்தால் புவியீர்ப்பாவது அமிலத்தைக் கீழே பிடித்து வைக்கும். படுத்துவிட்டால் அந்தத் துணையும் போய்விடுகிறது. அதனால்தான் சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்தே படுக்க வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். உங்கள் வண்டியில் எங்களுக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைப்பதில்லை.

என்னைப் பார்த்த மருத்துவர், என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, எப்போது எரிந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவரச் சொன்னார். ஆறு வாரம் எழுதினேன். தக்காளிச் சட்னியும் காபியும்தான் காரணம் என்று அதுவரை நம்பியிருந்தேன். வீட்டில் இரவு ஏழு மணிக்கு அதே சட்னியோடு நான்கு இட்லி சாப்பிட்ட நாட்களில் எனக்கு ஒன்றுமே செய்யவில்லை என்பதை அந்த நோட்டுதான் காட்டியது. எரிந்ததெல்லாம் பயண இரவுகளில்தான். எல்லோருக்கும் இப்படியே இருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஒருவருக்குப் புளிப்பு ஆகாது, இன்னொருவருக்குக் காரம், மற்றொருவருக்கு சாக்லேட்டோ மதுவோ ஆகாது. ஆனால் அளவும் நேரமும் நெஞ்செரிச்சல் உள்ள பெரும்பாலோரைப் பாதிக்கும். அவை இரண்டும் பயண இரவுகளில் உங்கள் கையில் இருக்கின்றன.

ஆகவே கேட்கிறேன்: புறப்பட்ட ஒரு மணி நேரத்துக்குள், ஒன்பதரைக்கு முன்பாகவே சாப்பாட்டுக்கு வண்டியை நிறுத்துங்கள். முடியாதென்றால், எத்தனை மணிக்கு நிறுத்துவீர்கள் என்பதை டிக்கெட்டிலாவது அச்சிடுங்கள். வீட்டிலேயே ஆறரைக்குச் சாப்பிட்டு ஏறுவோம். மாத்திரை எடுப்பவர்களுக்கும் இது அவசியம். அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமிப்ரசோல் வகை மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பாவது விழுங்க வேண்டும். நிறுத்தும் நேரமே தெரியாதவர் எப்போது விழுங்குவார்?

உணவகத்தாருக்கு: பதினொரு மணிக்கு வருபவர்களுக்கென்று கொஞ்சம் இட்லி, இடியாப்பம், அதிகம் புளிக்காத தயிர்சாதம் ஒதுக்கி வையுங்கள். அரைத் தட்டு கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். வாழைப்பழம் விற்றுக்கொண்டிருக்கிறீர்கள், நன்றி. ஆனால் "வயிற்றுக்கு நல்லது" என்று சோடாவை நீட்டாதீர்கள். அதன் காற்று இரைப்பையை உப்ப வைத்து, ஏப்பத்தோடு அமிலத்தையும் மேலே தள்ளும். சூடான பாலும் முதலில் இதமாக இருந்துவிட்டு, பிறகு அமிலச் சுரப்பைக் கூட்டிவிடுகிறது.

படுக்கைகளைச் செய்பவர்களிடமும் சொல்லுங்கள், தலைமாடு ஆறு முதல் எட்டு அங்குலம் சரிவாக உயர்ந்திருக்கட்டும். தலையணைகளை அடுக்கினால் இடுப்பு மடங்கி வயிறுதான் அழுந்துகிறது. அதுவரை நான் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துச் சமாளிக்கிறேன். அப்படிப் படுத்தால் அமிலம் தேங்கும் இடம் உணவுக்குழாயின் வாய்க்குக் கீழே அமைகிறது.

நடத்துநர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்லிவையுங்கள். நெஞ்சு எரிகிறது என்னும் பயணிக்கு வியர்த்துக்கொட்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, கைக்கும் தாடைக்கும் வலி பரவினாலோ, அதை வாயு என்று விட்டுவிடாமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். அது மாரடைப்பாக இருக்கலாம். விழுங்கச் சிரமமோ கருநிற மலமோ காரணமில்லாத எடைக் குறைவோ உள்ளவர்களும் உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டு காலம் கடத்தாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

போன மாதம் ஓட்டுநர் ஒருவர், எல்லோரும் ஏறிய பிறகு, நின்றபடியே இரண்டு பரோட்டாவை விழுங்கிவிட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டே வண்டியை எடுத்தார். பல ஆண்டுகளாக இப்படித்தான் என்றார். நேரத்தை முன்னே நகர்த்தும்போது, அவருக்கும் உட்கார்ந்து சாப்பிடப் பத்து நிமிடம் சேர்த்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளி இரவுப் பயணி ஒருவர்