பிடி அரிசி

அன்பு நண்பா,

ஸ்தோத்திரம். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. மதினிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. கோயிலில் முழங்கால்படியிடும்போது மட்டும் கர்த்தரைக் கூடுதலாக நினைத்துக்கொள்கிறேன்.

பேத்தி லீவுக்கு வந்திருந்தாள். ஆறு வயது. அவளால் எனக்கு ஒரு வெட்கக்கேடு. உன்னிடம் சொல்லாவிட்டால் வேறு யாரிடம் சொல்ல?

நம் அம்மாமார் பிடி அரிசி எடுத்தது நினைவிருக்கிறதா? உலைக்கு அளந்த அரிசியிலிருந்தே ஒரு பிடியைக் கலயத்தில் போட்டுவிட்டு, மிச்சத்தைத்தான் பொங்குவார்கள். கலயம் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும். போட்ட பிடி அன்றைய சோற்றில் குறையும், அதுதான் அதன் கணக்கு. எங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிட உட்காருவது அம்மா. குறைந்த பிடி யாருடையது என்று இப்போதுதான் புரிகிறது.

1903-இல், பிற்பாடு பிஷப்பான வெள்ளாளன்விளை அசரியாவும் கூட இருந்தவர்களும் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, ஆளும் நம் ஆள், பணமும் நம் பணம் என்று தீர்மானித்தார்களே, அந்தத் துணிச்சலே இந்த மாதிரி அடுப்படிகளை நம்பித்தான் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் கலயம் பிளாஸ்டிக் டப்பாவாகிவிட்டது. நாங்கள் சாப்பிடுவது பொன்னி, டப்பாவுக்குப் போவது ரேஷன் அரிசி. என்றைக்கு மாறியதென்றே தெரியவில்லை. பேத்தியிடம் அந்த வேலையைக் கொடுத்தோம். அவள் நேரே பொன்னி மூட்டைக்குள் கையை விட்டாள். தன் கை சின்னது என்பதால் தாத்தா பிடி அளவு வர மூன்று தடவை அள்ளினாள்.

"அது இல்லம்மா. அந்த வாளியில் இருக்கிறதுதான் கோயிலுக்கு" என்றேன்.

"அது கோழிக்குப் போடுறதுல்லா, தாத்தா?"

அடுப்படியில் உன் தங்கச்சி சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். ரேஷன் அரிசியைக் குறைத்துச் சொல்லவில்லை. எத்தனையோ வீட்டில் அதுதான் சோறு, அவர்கள் போடுவதுதான் முழுப் பிடி. நான் போட்டது என்ன?

அன்றிரவு யோவான் ஆறாம் அதிகாரத்தை எடுத்தேன். இயேசு ஐந்து அப்பம், இரண்டு மீனால் ஐயாயிரம் பேரைப் போஷித்த கதை நான்கு சுவிசேஷத்திலும் உண்டு. அவற்றை வைத்திருந்த பையன் வருவது யோவானில் மட்டும்தான். அவன் சிரித்துக்கொண்டே நீட்டியதாக ஞாயிறு பள்ளியில் நம்மை நடிக்க வைத்தார்கள். வசனத்தில் அப்படி ஒன்றுமே இல்லையடா! அவனாகக் கொடுத்தானா, சீஷர்கள் கேட்டு வாங்கினார்களா, தெரியாது. பெயர்கூட இல்லை. பேசுவதெல்லாம் பெரியவர்கள். சீஷர் பிலிப்பு இருநூறு பணத்து அப்பமும் போதாது என்று கணக்குப் போடுகிறார். இன்னொரு சீஷர் அந்திரேயா, இது எம்மாத்திரம் என்கிறார். சபைக் கணக்கு எழுதுகிற நான் இத்தனை வருஷமும் அந்த இருவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அப்பம் வாற்கோதுமை அப்பம். வாற்கோதுமை அங்கே ஏழைகளின் சாப்பாடு, நமக்குக் கேப்பைக்களி மாதிரி. பையன் கையில் இருந்தது அவன் தின்ன வைத்திருந்ததாகத்தான் இருக்கும். கொடுப்பதற்கென்று மட்டமாக இன்னொன்றை அவன் தனியே வைத்திருந்ததாக வசனத்தில் இல்லை.

பிள்ளைகள் எல்லாம் தேவதூதர்கள் என்று சொல்ல வரவில்லை. இவள் தன் சைக்கிளைத் தம்பியைத் தொட விடமாட்டாள். காணிக்கைக்குத் தந்த பத்துப் பைசாவில் நீயும் நானும் தேன்மிட்டாய் தின்றவர்கள்தானே. அதிலும் பெரிய பங்கு உனக்கு.

இப்போது டப்பாவில் பொன்னிதான் விழுகிறது. அவள் ஊருக்குப் போன மூன்றாம் நாளே என் கை பழக்கதோஷத்தில் வாளிப்பக்கம் போனது என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

கோயில் அசன விருந்துக்கு மதினியோடு வா. பம்பாயிலிருந்து டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு. தேன்மிட்டாய் வாங்கி வைக்கிறேன். இந்தத் தடவை பங்கு பிரிப்பது நான்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்