எந்தக் கையில் தடுப்பூசி என்று கேளுங்கள்: ஸ்கேன் மையங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஸ்கேன் மைய நிர்வாகிகளுக்கும் கதிரியக்கவியல் மருத்துவர்களுக்கும்,

வணக்கம். தடுப்பூசி போட்ட பக்கத்து அக்குளில் நெறி கட்டலாம், அதாவது அங்குள்ள நிணநீர்க் கணுக்கள் வீங்கலாம் என்பதையும், அது மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமிலும் அல்ட்ராசவுண்டிலும் உடலில் புற்றுநோயைத் தேடும் பெட் சி.டி. ஸ்கேனிலும் தெரியும் என்பதையும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கொரோனா தடுப்பூசி வந்த நாளிலிருந்து உங்கள் துறையில் இது அலசப்பட்ட விஷயம். அப்படியிருந்தும் நாங்கள் சென்ற மையத்தில் நிரப்பக் கொடுத்த படிவத்தில், அண்மையில் தடுப்பூசி போட்டுக்கொண்டீர்களா, எந்தத் தேதியில், எந்தக் கையில் என்ற ஒரு வரி இல்லை. அந்த வரியை எல்லா மையங்களும் சேர்க்க வேண்டும் என்று கேட்கவே இம்மடல்.

என் அக்காவுக்கு வலது மார்பகத்தில் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சை, கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து சில ஆண்டுகள் ஆகின்றன. முதுகுவலி விடாமல் இருந்ததால் மருத்துவர் பெட் சி.டி. எழுதிக்கொடுத்தார். அதற்குச் சில நாள் முன்புதான் அக்கா ஃப்ளூ தடுப்பூசி போட்டிருந்தார். வலது அக்குளில் நெறிகளை எடுத்திருப்பதால் அந்தக் கையில் ஊசி போடக் கூடாது, பி.பி. கூடப் பார்க்கக் கூடாது என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியதை இம்மியும் மீறாதவர் என்பதால், இடது கையைத்தான் நீட்டினார். முதுகில் ஒன்றுமில்லை. ஆனால் இடது அக்குளில் கணுக்கள் ஒளிர்ந்தன. நோய்ப் பரவலாக இருக்கலாம், நோயாளியின் நிலையோடு பொருத்திப் பார்க்கவும் என்று அறிக்கை வந்தது.

மார்பகப் புற்றுநோய் எதிர்ப்பக்க அக்குளுக்குப் போயிருந்தால் அது நோயின் கடைசிக் கட்டமான நான்காம் நிலையாகக் கணக்கிடப்படும் என்பது உங்களுக்குத் தெரியும். வருடக்கணக்காக இந்த நோயோடு பழகிவிட்ட எங்கள் அக்காவுக்கும் தெரியும். அறிக்கை இரவில் வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். ஆக வந்துவிட்டது, அதை விளக்க வேண்டிய மருத்துவரைப் பார்க்க அடுத்த வாரம்தான் நேரம் கிடைத்தது. இடைப்பட்ட நாட்களில் அக்கா அழவில்லை. மகளின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து, எல்.ஐ.சி. பத்திரம் எந்த அலமாரியில் இருக்கிறது, சீட்டுப் பணம் யாருக்கு எவ்வளவு பாக்கி, கேஸ் இணைப்பு யார் பெயரில் உள்ளது, எந்த வங்கிக் கணக்கில் இன்னும் வாரிசு பெயர் சேர்க்கவில்லை என்று, சமையலுக்கு நடுவே நினைவு வரும்போதெல்லாம் வந்து எழுதி வைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு அல்ட்ராசவுண்ட் எடுத்த மருத்துவர், அக்குளில் ஜெல்லைத் தடவிக்கொண்டே, இந்தக் கையில் ஏதாவது தடுப்பூசி போட்டீர்களா என்று கேட்டார். அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். கணு நீள்வட்டமாகத்தான் இருக்கிறது, நடுவிலுள்ள கொழுப்புப் பகுதி கலையாமல் இருக்கிறது, அதைச் சுற்றியுள்ள வெளிப்பகுதியான புறணி மட்டும் கொஞ்சம் தடித்திருக்கிறது, பெரும்பாலும் ஊசியால் வந்ததாகத்தான் இருக்கும் என்றார். ஆனால் பரவல் என்ற சொல் ஏற்கெனவே எழுத்தில் வந்துவிட்ட பிறகு, அதை அப்படியே விட எந்தப் புற்றுநோய் மருத்துவருக்கும் துணிவு வராது; அதில் தவறும் இல்லை. ஊசி குத்தித் திசு எடுத்தார்கள். தடுப்பாற்றல் வினையால் வீங்கிய கணு, புற்றணுக்கள் இல்லை என்று முடிவு வந்தது.

எதனோடு பொருத்திப் பார்க்கச் சொன்னீர்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. பொருத்திப் பார்க்க வேண்டிய தகவலைக் கேட்டு வாங்கும் இடம் உங்கள் வரவேற்பு மேசை. அங்கே சர்க்கரை அளவு, எத்தனை மணி நேரம் பட்டினி, சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மினை எப்போது நிறுத்தினீர்கள் என்று கேட்டார்கள், தேவையான கேள்விகள்தாம். எந்த மருத்துவர் அனுப்பினார் என்பதை மட்டும் படிவத்தில் இரண்டு இடங்களில் கேட்டிருந்தார்கள். அந்த அக்கறையில் பாதி போதும், நான் கேட்கும் வரிக்கு இடம் கிடைத்துவிடும். பெட் சி.டி.யில் செலுத்தும் கதிரியக்கச் சர்க்கரையைப் புற்றணு மட்டும் விழுங்குவதில்லை, தடுப்பூசியால் விழித்துக்கொண்ட கணுவும் விழுங்கும் என்பதைப் பாடமாகப் படித்தவர்கள் நீங்கள்.

இது நானாகக் கண்டுபிடித்த கோரிக்கையும் அல்ல. மாடர்னா தடுப்பூசிச் சோதனையில், 18 முதல் 64 வயது வரை உள்ளவர்களில் சுமார் 16 விழுக்காட்டினருக்கு இரண்டாம் ஊசிக்குப் பின் அக்குளில் வீக்கமோ வலியோ இருந்தது. அமெரிக்காவின் மார்பகப் படிமவியல் சங்கம் 2021 ஜனவரியிலேயே, ஊசி போட்ட தேதியையும் எந்தப் பக்கக் கை என்பதையும் படிவத்தில் கேட்டு வாங்குங்கள் என்று பரிந்துரைத்தது. தடுப்பூசிக்காக மேமோகிராமைத் தள்ளிப்போட வேண்டாம் என்று 2022இல் தன் பரிந்துரையைத் திருத்தியது. காத்திருந்து பார்க்கலாம் என்ற நிலையில் உள்ளவர்களுக்கு 12 வாரமோ அதற்கு மேலோ கழித்து மறுபடி பார்க்கச் சொன்னது. கொரோனா ஊசிகளின் வேகம் குறைந்துவிட்டதால் இதெல்லாம் பழங்கதை என்று எண்ண வேண்டாம். ஃப்ளூ, கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி., அக்கி அம்மைத் தடுப்பூசிகளுக்குப் பிறகும் நெறி கட்டலாம்.

குழந்தைகள் விஷயத்தில் நம் நாட்டு முறை எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள். காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி இடது மேற்கையில், ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசியான பென்டாவேலன்ட் இடது தொடையில் என்று இடம் நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. இடது அக்குளில் நெறியோடு கைக்குழந்தை வந்தால், பி.சி.ஜி.யால் இருக்குமோ என்று யாரும் முதலில் யோசிப்பார்கள். பெரியவர்களுக்கு அப்படி ஒரு விதி கிடையாது. கொரோனா தடுப்பூசிக்கு அரசின் கோவின் தளம் தந்த சான்றிதழில் தடுப்பூசியின் பெயரும் தேதியும் போட்ட இடமும் உண்டு, எந்தக் கை என்பது மட்டும் இல்லை. பிரதமரின் படத்துக்கு இடம் இருந்த தாளில் இடமா வலமா என்ற ஓர் எழுத்துக்கு இடம் இல்லாமல் போனது. அதை நீங்கள் திருத்த முடியாது என்பது தெரியும். ஆகவே உங்கள் படிவத்துக்கே திரும்புகிறேன்.

தடுப்பூசியே வேண்டாம் என்பதல்ல என் பேச்சு. அக்கா அடுத்த ஆண்டும் போட்டுக்கொள்வார். அக்குளில் தெரியும் நெறியையெல்லாம் ஊசியின் மேல் பழிபோட்டு விட்டுவிடுங்கள் என்றும் கேட்கவில்லை. புற்றுநோய் இருந்த பக்கத்திலேயே நெறி தெரிந்தால், அல்லது ஊசி போட்டது ஒரு கை, நெறி தெரிவது மறு அக்குள் என்றால், கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும் என்பதற்கும் இதே வரிதான் உதவும்.

ஆகவே தங்களிடம் பணிவுடன் கேட்டுக்கொள்வது: மேமோகிராம், மார்பக அல்ட்ராசவுண்ட், பெட் சி.டி. ஆகிய மூன்றுக்குமான படிவங்களில், கடந்த 12 வாரங்களில் போட்ட தடுப்பூசி எது, எந்தத் தேதியில், எந்தக் கையில் என்ற வரியைத் தமிழிலும் அச்சிட்டு, அதற்கு வந்த பதிலை அறிக்கையின் முதல் பத்தியிலேயே குறிப்பிடுங்கள். புதுப் படிவம் அச்சாகி வரும்வரை, வரவேற்பு மேசையில் இருப்பவர் வாயால் கேட்டுப் பேனாவால் ஓரத்தில் எழுதி உள்ளே அனுப்பினாலும் போதும்.

இப்படிக்கு,
மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடித்த ஒருவரின் தங்கை,
மதுரை.