மூடுகிறவனுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்துச் சிறுதொழில், குறுந்தொழில் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

சின்னவேடம்பட்டியில் 24 ஆண்டுகள் கடைசல் பட்டறை நடத்தியவன் நான். பம்ப்செட் மோட்டாருக்கு ஷாஃப்ட், புஷ், கப்ளிங் கடைந்து கொடுப்பது வேலை. மூன்று லேத் (கடைசல் மெஷின்), ஒரு மில்லிங், ஒரு டிரில்லிங் மெஷின். என்னையும் சேர்த்து ஐந்து பேர். 2024 மார்ச் 30, சனிக்கிழமை, கடைசி வாரக்கூலியைக் கொடுத்துவிட்டு ஷட்டரை இறக்கினேன்.

சென்ற மாதம் எங்கள் வட்டாரச் சங்கத்தின் புதிய உறுப்பினர் கையேடு ஒரு நண்பர் மேசையில் கிடந்தது. புரட்டிப் பார்த்தேன். என் பட்டறையின் பெயர் இல்லை. தொழில் நடத்துகிறவர்தான் உறுப்பினராக இருக்க முடியும் என்பது விதி; எனக்கும் தெரியும். 19 ஆண்டுகள் சந்தா கட்டியவன் பெயரை எடுத்தபோது, "ஏன் மூடினீர்கள், இப்போது என்ன செய்கிறீர்கள்?" என்று ஒரு போன் வரவில்லையே என்பதுதான் மனதை அறுக்கிறது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் ஊரே வாசலில் வந்து உட்காரும் சீமை இது. பட்டறை மூடிய வீட்டுக்கு மட்டும் யாரும் வருவதில்லை. என்ன பேசுவது என்று தெரியாமல்தான் வருவதில்லை என்று நினைக்கிறேன். அதனால் நானே பேசுகிறேன்.

ஏன் மூடினேன் என்று விரித்து எழுதப் போவதில்லை. நீங்கள் அன்றாடம் அனுபவிப்பதுதான். கொரோனாவுக்குப் பின் இரும்பு விலை ஏறியது. 2022 செப்டம்பரில் மின்கட்டணமும், ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய நிலைக்கட்டணமும் ஏறின. கடைசல் கூலி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. 2020-இல் மத்திய அரசின் உத்தரவாதத்தோடு வங்கிகள் கொடுத்த அவசரக் கடனை நானும் வாங்கியிருந்தேன். 2023 ஆயுதபூஜை இரவு, மெஷின்களுக்குப் பொட்டு வைத்துப் பொரி கொடுத்து எல்லோரையும் அனுப்பிய பிறகு, நானும் மனைவியும் கணக்கு நோட்டோடு உட்கார்ந்தோம். பட்டறைக் கணக்கு எப்போதும் அவள் கையில்தான். "மார்ச்சில் கடன் தீர்கிறது. இன்னும் இரண்டு வருடம் ஓட்டினால் வீட்டுப் பத்திரம் பேங்குக்குப் போகும்" என்றாள். அன்றே முடிவு செய்தோம். ஆட்களுக்கு மூன்று மாதம் முன்பே சொல்லிவிட்டேன். நால்வரில் மூவருக்கு வேறு பட்டறையில் வேலை பேசிக் கொடுத்தேன்; ஒருவர் சொந்த ஊரான அன்னூர்ப் பக்கம் போய் மாடு வாங்கினார்.

மெஷின் விற்ற கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்களிடம் நான் கேட்கப்போவது அதில்தான் இருக்கிறது.

முதலில் வந்தவர் பழைய இரும்பு வியாபாரி. ஆறடி லேத்தின் பக்கம் போய் நின்றார். லேத்தை ஓட்டிக் காட்டவா என்றேன், வேண்டாம் என்றார். இரும்பைப் பிடித்துச் சுழற்றும் சக்குக்குக் கீழே, லேத்தின் அடித்தளமான பெட்டின் மேல், நகத்தை வைத்து மெதுவாக இழுத்தார். லேத் பெட் எப்போதும் சக் பக்கத்தில்தான் அதிகம் தேயும். சின்ன வேலையெல்லாம் அங்கேதானே நடக்கிறது. நகம் ஓரிடத்தில் தட்டியது. தலையைத் தூக்காமலே, "ஒன்றேகால் டன் வரும், கிலோ 40 போடலாம்" என்றார். அந்தத் தேய்மானத்தை நான் அறிவேன். எத்தனை ஆயிரம் ஷாஃப்ட்டுகள் கடைந்ததில் வந்த பள்ளம் அது. ஒவ்வொரு முறையும் அந்தப் பள்ளத்தைக் கணக்கில் வைத்துத்தான் டூலை ஊட்டினேன். என் கைக்கு அது பழகியிருந்தது. அவருக்கு அது எடை. அவர்மேல் எனக்குக் குறையில்லை. இரும்பு வாங்க வந்தவர் இரும்பைத்தான் பார்ப்பார்.

அந்த லேத் 50,000 ரூபாய்க்குப் போனது. உருளைக் குழாய்களை அடியில் கொடுத்து, கடப்பாரையால் நெம்பி நெம்பி வாசலுக்குத் தள்ளினார்கள். சங்கிலிக் கப்பியில் மாட்டி லாரியில் ஏற்றும்போது நான் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டேன்.

அதே வயது, அதே அளவு, அதே தேய்மானம் உள்ள இரண்டாவது லேத்தை இரண்டு வாரம் கழித்து 1,35,000 ரூபாய்க்கு விற்றேன். என்னிடம் வேலை கற்ற ஒருவர் போன் போட்டு, கிணத்துக்கடவில் புதிதாகப் பட்டறை போடுகிற ஓர் இளைஞரை அனுப்பினார். அந்தப் பையன் லேத்தை ஓட்டிப் பார்த்தான், சத்தத்தைக் கேட்டான், பெட்டை நானே சுரண்டிச் சமன் செய்துகொள்கிறேன் என்றான். வித்தியாசம் 85,000 ரூபாய். சரியான ஆளுக்குச் சரியான நேரத்தில் ஒரு போன் போனது, வேறொன்றும் இல்லை.

நிர்வாகிகளே, கொடிசியா வளாகத்தில் புதிய இயந்திரங்களுக்குக் கண்காட்சி நடக்கிறது. நான் தவறாமல் போயிருக்கிறேன். ஓடுகிற நிலையில் இருக்கும் பழைய மெஷின்களை, மூடுகிறவரும் தொடங்குகிறவரும் நேருக்கு நேர் பார்த்து விலை பேச, ஆண்டுக்கு இரண்டு நாள் ஒதுக்க முடியாதா? ஒரு பட்டியல்கூடப் போதும். யாரிடம் என்ன மெஷின் இருக்கிறது, எப்போது கொடுக்கிறார் என்று மாதாமாதம் சங்கச் சுற்றறிக்கையில் அரைப் பக்கம். சோமனூரிலும் பல்லடத்திலும் விசைத்தறிகளை உடைத்து எடைக்குப் போட்டதைப் பார்த்தவர்கள் நாம். ஓடக்கூடிய மெஷின் எடைக்குப் போவதைப் போன்ற நட்டம் தொழில் செய்யும் ஊருக்கு வேறில்லை.

அடுத்தது காகிதம். தொடங்குவதற்கு வழிகாட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவை வீட்டிலிருந்தே, காசு செலவில்லாமல் போட்டுவிடலாம். மூடுவதற்கு யாரைக் கேட்பது? ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்ய விண்ணப்பித்து, ஏப்ரலில் உத்தரவும் வந்தது. அத்தோடு முடிந்தது என்று இருந்துவிட்டேன். ரத்தான மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற இறுதிக் கணக்கைக் கொடுக்க வேண்டும் என்று, வெளியில் எங்களுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்த்துக் கொடுத்தவர் சொல்லவில்லை. ஆகஸ்டில் நோட்டீஸ் வந்தது. நாளுக்கு 200 ரூபாய் வீதம் தாமதக் கட்டணம் கட்டினேன். 2021-இல் வாங்கிய டிரில்லிங் மெஷினுக்கு எடுத்த உள்ளீட்டு வரியில் (வாங்கும்போது கொடுத்த ஜிஎஸ்டியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது), ஐந்தாண்டுக் கணக்கில் மீதமிருந்த மாதங்களுக்கான பங்கைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் மெஷின் விற்ற பணத்திலிருந்தே எடுத்து வைத்திருப்பேன்.

கணபதியில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் "கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்று ஷட்டரை மட்டும் இறக்கினார். மின் இணைப்பைத் துண்டிக்க எழுதிக் கொடுக்கவில்லை. ஒரு யூனிட்கூட ஓடாத பட்டறைக்குப் பதினான்கு மாதம் நிலைக்கட்டணம் கட்டினார். எழுதிக் கொடுத்திருந்தால் வைப்புத்தொகையாவது திரும்பி வந்திருக்கும். மாநகராட்சியின் அரையாண்டுத் தொழில் வரி, உத்யம் பதிவை ரத்து செய்தல், வங்கியில் மெஷின் மேலிருந்த அடமானத்தை நீக்கிக் கடிதம் வாங்குதல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல், ஒரு வரிசை. வீட்டுக் கடன் போன்ற தனிநபர் கடனைத் தீர்த்தால் 30 நாளில் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், தவறினால் நாளுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-இல் சொன்னது. பட்டறைக் கடனைத் தீர்த்தவனுக்கும் அதே விதி வேண்டும் என்று நீங்கள் ஒரு மனு கொடுங்கள். மின்கட்டணத்துக்கு எத்தனை மனு கொடுத்தீர்கள்! இதற்கும் ஒன்று கொடுங்கள்.

இனி, மூடிய பிறகு வரும் நாட்கள். காலை ஐந்தரைக்கு விழிப்பு தானாகவே வந்துவிடுகிறது; சாவிக்கொத்தைத் தேடிக் கை போகிறது. டீக்கடையில், "என்ன, பட்டறைக்கு லீவா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். மூன்று வாரம் அதே பொய்யைச் சொன்னேன். வீட்டிலிருந்து கிளம்புவது போல் இருக்க வேண்டும் என்பதற்காகக் காந்திபுரம் பஸ் ஏறி, நஞ்சப்பா சாலையில் மெஷின் கடைகளைப் பார்த்துக்கொண்டே நடந்து, மதியம் திரும்புவேன். 'நொடித்துப் போனவன்' என்ற நம் ஊர்ச் சொல்லுக்குப் பயந்தேன். யாருக்கும் ஒரு ரூபாய் பாக்கி வைக்காமல் மூடியவனுக்கும் இந்தச் சீமையில் அந்த ஒரே சொல்தான் இருக்கிறது.

நான்காம் வாரம் கீரநத்தத்திலிருந்து ஒரு போன். 2012-இல் என்னிடமிருந்து போய் இப்போது கணினியில் இயங்கும் சிஎன்சி மெஷின் வைத்திருப்பவர். "அண்ணா, மெஷின் ஓட்ட ஆள் இருக்கிறது. அளவு பார்க்க ஆள் இல்லை. நீங்கள் வந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்" என்றார். என் மைக்ரோமீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். பட்டறையிலிருந்து நான் விற்காமல் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். முதல் பத்து நாள் நான் உள்ளே நுழையும்போதெல்லாம் அவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். பையன்கள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒரு நாள் மதியம், சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டே, "நீ எழுந்து நின்றால் நான் நாளைக்கு வரமாட்டேன்" என்றேன். அன்றிலிருந்து எழுவதில்லை. மாதச் சம்பளம் வாங்குகிறேன். நிறைவாக இருக்கிறேன். ராத்திரி போன் அடித்தால் நெஞ்சு படபடப்பதில்லை.

மனைவி இன்னும் தெளிவாகப் புது வழி கண்டாள். 24 ஆண்டுகள் பட்டறைக் கணக்கு எழுதியவளுக்குச் சம்பளமும் கிடையாது, ஒரு பதவிப் பெயரும் கிடையாது. இப்போது எங்கள் தெருவிலும் பக்கத்திலும் மூன்று சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறாள். அதில் வந்த முதல் பணத்தில் மருதமலைக்குப் போய் வந்தோம்.

ஒன்றை நினைத்தால்தான் கவலை. எத்தனையோ ஆட்களுக்குக் கூலி கொடுத்த கைக்குக் கடைசிக் காலத்தில் ஓய்வூதியம் என்று எதுவுமில்லை. 54 வயதில் முதன்முறையாக எனக்கு பிஎஃப் எண் கிடைத்தது. அதில் ஓய்வூதியம் வர பத்தாண்டு சேவை வேண்டும், 58-க்குள் அது எனக்கு நிறையாது. மத்திய அரசின் அடல் ஓய்வூதியத் திட்டத்தில் சேர 40 வயதுக்குள் இருக்க வேண்டும். இதைப் படிக்கும் இளம் பட்டறைக்காரர்களே, இந்த வாரமே சேருங்கள். நிர்வாகிகளே, சந்தா வசூலிக்கும்போதே அதற்கான படிவத்தையும் நீட்டுங்கள்.

கடைசியாக, சொல்லக் கூச்சமான ஒன்று. நான் மூடியபோது நான்கு இடங்களிலிருந்து 3,80,000 ரூபாய் வர வேண்டியிருந்தது. 45 நாளில் கொடுக்க வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று சிறு, குறு நிறுவனங்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. விசாரிக்கக் கோவையிலேயே வசதியாக்கல் மன்றமும் இருக்கிறது. நான் அங்கே போகவில்லை, முகத்துக்காக. மூடுவதாகச் சொன்ன நாளிலிருந்து அவர்களில் இருவர் போனை எடுப்பதில்லை. இனி இவனிடம் வேலை கொடுக்கப் போவதில்லை, பணம் கொடுக்காவிட்டால் என்ன என்ற எண்ணம்தான். அந்த இருவரும் நம் சங்கத்தவர்கள். பெயர் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன்: ஒருவர் பட்டறையை மூடும்போது, அவருக்கு வரவேண்டிய பாக்கியை ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது என்று உங்கள் அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போடுங்கள். சட்டம் செய்யாததை உறுப்பினர்கள் நடுவே நிறைவேறிய ஒரு தீர்மானம் செய்யும். நம் ஊரில் முகம் பார்ப்பது அவ்வளவு பெரிய விஷயம்.

உறுப்பினர் கையேட்டில் என் பெயரைத் திரும்பச் சேர்க்க வேண்டாம். சங்க அலுவலகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை யாரும் இல்லாமல்தான் இருக்கிறது. பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் கொடுங்கள். மூடலாமா வேண்டாமா என்று தூக்கமில்லாமல் இருக்கிறவர் வந்து உட்காரட்டும். எந்தப் படிவம் எங்கே, எதை முதலில் அடைக்க வேண்டும், மெஷினை யாரிடம் காட்டலாம் என்று நான் சொல்கிறேன். கணக்கு நோட்டைக் கொண்டுவந்தால் என் மனைவி பார்த்துச் சொல்வாள். மூட வேண்டாம், இன்னும் ஓட்டலாம் என்று அவள் சொன்னால் நம்பலாம். எங்களுக்குப் பணம் வேண்டாம். அலுவலகச் சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சின்னவேடம்பட்டியில் கடைசல் பட்டறை வைத்திருந்தவன்