எடைக்கு வந்த நாவல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தருமபுரி நான்கு ரோடு பக்கம் இருபது வருடமாகப் பழைய பேப்பர் கடை வைத்திருக்கிறேன். புத்தகத்தை எடை போட்டு வாங்கி, சணல் கயிற்றில் கட்டி, மில்லுக்கு லோடு ஏற்றுகிறவன், புத்தகம் எரிக்கும் கதையைப் பாராட்டிக் கடிதம் எழுதினால் சிரிப்பு வரும். சரி, சிரித்துவிட்டுப் படியுங்கள்.

அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' நாவல் 1953இல் வந்தது. தமிழிலும் வந்திருக்கிறது. ஒரு வாத்தியார் வீடு காலி செய்தபோது வந்த மூட்டையில் எனக்குக் கிடைத்தது. 451 என்பது காகிதம் தீப்பிடிக்கும் சூடாம்; செல்சியஸில் சுமார் 233 டிகிரி. கதையில் வரும் ஊரில் புத்தகம் வைத்திருப்பதே குற்றம்; வீடுகளோ தீப்பிடிக்காதவை. அதனால் தீயணைப்பு வீரர்களுக்குப் புத்தகம் பதுக்கிய வீட்டைக் கொளுத்துவதுதான் வேலை. கதாநாயகன் மோன்டாக் அவர்களில் ஒருவன். மண்ணெண்ணெய் வாசனை அவனுக்கு அத்தர் மாதிரி. ஒரு கிழவி தன் புத்தகங்களை விட்டு வெளியே வர மறுத்து, தானே தீக்குச்சியைக் கிழிக்கிறாள். அன்று அவன் தூக்கம் போகிறது.

எரிப்பதைவிட என்னை உலுக்கியது அவனுடைய அதிகாரி பேசும் இடம். இது அரசாங்கம் தொடங்கி வைத்தது இல்லை, ஜனங்கள்தான் முதலில் படிப்பதை விட்டார்கள், புத்தகங்களைச் சுருக்கிச் சுருக்கி நாலு வரியாக்கினார்கள், தீ பிறகுதான் வந்தது என்கிறார். (பேச்சு பக்கம் பக்கமாக நீள்கிறது, அது வேறு விஷயம்.) இது எனக்குக் கதையாகத் தெரியவில்லை. என் கடைக்கு வரும் மூட்டைகளை யாரும் மிரட்டி அனுப்பவில்லை. "தாத்தாது, இடத்தை அடைக்குது" என்று பைக்கிலிருந்து இறக்குவார்கள். தராசில் ஏறும் எண்ணை மட்டும் பார்ப்பார்கள். புத்தகத்துக்குள் இருக்கும் கல்யாணப் பத்திரிகை, பஸ் டிக்கெட், காய்ந்த பூ எல்லாம் எனக்கு.

சல்லடை வரும் இடமும் மறக்கவில்லை. சிறுவன் மோன்டாக் கடற்கரையில் சல்லடையில் மணலை அள்ளி அள்ளிப் போடுகிறான். நிரப்பினால் காசு தருவதாக ஒருவன் சொல்லியிருக்கிறான். பெரியவனான பிறகு ரயிலில் உட்கார்ந்து ஒரு பக்கத்தையாவது மனசில் நிறுத்தப் பார்க்கிறான். ஒலிபெருக்கியில் பற்பசை விளம்பரம் விடாமல் கத்துகிறது. நான் அதைப் படித்தபோது பக்கத்து டீக்கடையில் மூன்று செல்போனில் மூன்று பாட்டு. அந்தப் பக்கத்தையே நாலு தடவை படித்தேன்.

குறையும் உண்டு. கிளாரிஸ் என்ற பெண் மோன்டாக்கைப் பார்த்து சந்தோஷமாக இருக்கிறாயா என்று கேட்கிறாள். கதையே அங்கேதான் திரும்புகிறது. அப்புறம் அவளைப் பாதியிலேயே காணோம். இவ்வளவு நல்ல பெண்ணை அவனை எழுப்பிவிட மட்டும் படைத்தது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் பிராட்பரி இதன் முதல் வடிவத்தை ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில், அரை மணிக்கு 10 சென்ட் போட்டால் ஓடும் வாடகை டைப்ரைட்டரில் அடித்தாராம். மொத்தச் செலவு 9 டாலர் 80 சென்ட். கிலோ கணக்குப் பார்க்கும் எனக்கு இதில் ஒரு மரியாதை.

கடைசியில் ஊருக்கு வெளியே சிலர் ஆளுக்கொரு புத்தகத்தை மனப்பாடம் செய்து சுமந்து திரிகிறார்கள். படித்த நண்பர் ஒருவர், "அது கற்பனை, நடக்காது" என்றார். அவர் எங்கள் பக்கத்துப் பாரதக் கூத்தை விடிய விடியப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

போன தை மாதம் பாலக்கோடு பக்கமிருந்து ஒரு பையன் சாக்கு மூட்டை கொண்டுவந்தான். உள்ளே இறந்துபோன கூத்து வாத்தியாரின் நோட்டுகள். 'கர்ண மோட்சம்' என்று அட்டையில் எழுதிய நோட்டின் ஓரமெல்லாம் அரிதாரம் பட்ட சிவப்பு விரல் ரேகை. அதை மட்டும் லோடில் ஏற்றாமல் கல்லாப்பெட்டிக்குள் வைத்தேன். பிறகு அட்டை விற்க வந்த பெரியவர் ஒருவர் அந்தக் காலத்தில் கர்ணன் வேஷம் கட்டினவர் என்று தெரிந்தது. பள்ளிக்கூடம் போகாதவர். நோட்டை விரித்து முதல் வரியைப் படித்தேன். அவர் சாக்கின் மேல் உட்கார்ந்தபடியே மிச்சத்தைப் பாட ஆரம்பித்தார். நான் விரலை வைத்து வரி வரியாகப் பின்னால் போனேன். மூன்றாம் பக்கத்தில் அவர் பாட்டும் நோட்டும் ஒத்துப்போகவில்லை. சொன்னேன்.

"தம்பி, எழுதினவன் அங்க ஒரு அடி விட்டுட்டான். பேனா எடு, சொல்றேன்" என்றார்.

இப்படிக்கு,
பழைய பேப்பர் கடைக்காரன்,
தருமபுரி.