டைல்ஸ் போடவில்லை, தம்பி

மதுரை
சித்திரை 20

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நான் நல்லா இருக்கிறேன். முட்டுவலி அப்படியேதான். உள்ளதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தை மாதம் நீ அனுப்பிய பணத்தில் டைல்ஸ் போடவில்லை. போனில் கேட்டபோதெல்லாம் வேலை நடக்கிறது என்றேன், அது பொய்யில்லை. நடந்தது வேறு வேலை.

டைல்ஸ்காரர் வந்து அளந்தார். பழைய தரைக் கல்லைப் பெயர்க்கவே வேண்டாம், மேலேயே பசை போட்டு ஒட்டிவிடலாம் என்றார். எனக்கும் சரி என்றுதான் பட்டது. அப்புறம் பென்சிலை எடுத்துக் கூடத்துக் கதவின் அடியில் ஒரு கோடு கிழித்தார். தரை அரை அங்குலத்துக்கு மேல் உயருமாம், எல்லாக் கதவையும் அந்தக் கோட்டோடு அறுக்கணுமாம். அப்பா பக்கத்திலேயே நின்று இழைக்க வைத்த தேக்குக் கதவுகள். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அந்தப் பென்சில் கோட்டை அழிக்கவில்லை, நீ வந்தால் பார்.

பிறகு, இருக்கிற கல்லையே தேய்த்து மெருகேற்றச் செல்லூரிலிருந்து ஒரு பாலிஷ்காரர் வந்தார். வயசானவர், மொசைக் காலத்து ஆள். வந்ததும் ஒரு எலுமிச்சம்பழம் கேட்டார். வெயிலுக்கு ஜூஸ் கேட்கிறார் என்று நினைத்து நான் சர்க்கரை டப்பாவையும் எடுத்தேன். அவர் பழத்தை நறுக்கி, கதவு மறைவில் கடப்பாக் கல்லில் ஒரு சொட்டு, சாமி ரூம் மார்பிள் ஓரத்தில் ஒரு சொட்டு, வாசல் கருங்கல் படியில் ஒரு சொட்டு விட்டார். மார்பிளில் பொடிப்பொடியாக நுரை வந்தது. கடப்பாவிலும் லேசாக வந்தது. படியில் ஒன்றுமே இல்லை. "உள்ளே கிடக்கிற ரெண்டும் சுண்ணாம்புக் கல்லும்மா. புளிப்பு எது பட்டாலும் அரிச்சிரும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. முந்தின பொங்கலுக்குச் சாமி ரூமைப் பளிச்சென்று ஆக்குகிறேன் என்று பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டை ஊற்றினது நான்தானே. நுரைத்ததைப் பார்த்து அழுக்குதான் கழன்று வருகிறது என்று சந்தோஷப்பட்டேன். கழன்றது கல். மறுநாள் கை வைத்தால் சொரசொரவென்று உப்புத்தாள் மாதிரி இருந்தது. யாரிடமும் சொல்லாமல் பாயைப் போட்டு மூடினேன்.

அது மட்டுமா? குத்துவிளக்கு வைக்கிற இடத்தில் வட்டம் வட்டமாக மங்கிக் கிடக்குமே, எண்ணெய்க் கறை என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, அது எண்ணெய் இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் புளி போட்டு விளக்கைத் துலக்கி, ஈரத்தோடு அங்கேயே கவிழ்த்து வைத்தேன் இல்லையா, அந்தப் புளித் தண்ணீர் தின்ற தடம். முப்பது வருஷ வெள்ளிக்கிழமை! கறை என்றால் கறுக்கும், அரித்த இடம் வெளுத்து மங்கும் என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு வித்தியாசம் தெரிந்தது. அரித்த இடத்தை எந்தச் சோப்பும் சரி பண்ணாது, தேய்த்துத்தான் எடுக்கணும்.

தேய்ப்பு ஆறு நாள் நடந்தது. முதலில் கல் இணைப்புகளில் இருந்த பழைய சிமெண்டைச் சுரண்டிப் புதிதாக அடைத்தார்கள். கடப்பா ஏடு ஏடாகப் பெயர்கிற கல். அடுப்படியில் பெயர்ந்து கிடந்த பள்ளங்களைக் கறுப்புப் பசை வைத்து நிரப்பினார்கள். அது காய்ந்ததும் மெஷின். அடியில் வைரப் பொடி பதித்த வட்டுகள் ஒட்டியிருக்கும். 50ஆம் நம்பர் முரட்டு வட்டு, அப்புறம் 100, 200, 400, 800, 1500, கடைசியில் 3000. நம்பர் கூடக் கூட நைஸ். ஒரு நம்பரைத் தாண்டினாலும் முந்தின வட்டு போட்ட கீறல் அப்படியே நின்றுவிடுமாம். கூட வந்த பையன் சாயங்காலம் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் 200லிருந்து 800க்குத் தாவப் பார்த்தான், பெரியவர் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். தண்ணீர் விட்டுத் தேய்ப்பதால் தூசி இல்லை, ஆனால் தரை முழுக்கச் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி ஒரு சேறு. அதைச் சாக்கடைக் குழாயில் தள்ளினால் உள்ளே இறுகி அடைத்துக்கொள்ளும், வாளியில் அள்ளித்தான் வெளியே கொண்டுபோகணும். பன்னிரண்டு வாளி எண்ணினேன்.

அடுப்படியில் மட்டும் 400 போதும் என்று நிறுத்தச் சொன்னேன். முகம் தெரிகிற தரையில் தண்ணீர் சிந்தினால் என் முட்டு என்ன ஆவது? மங்கலான தரையில் மோர் சிந்தின தடமும் அவ்வளவாகத் தெரியாது.

அடுப்புக்குக் கீழே இருந்த எண்ணெய்க் கறைக்கு ஆப்பச் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தடிமனாக அப்பி, பாலிதீன் தாளால் மூடி ஓரத்தை டேப் போட்டு ஒட்டினார். ஒரு நாள் கழித்துத் தாளை எடுத்து முழுக்கக் காயவிட்டோம். காயக் காய மாவு எண்ணெயை மேலே இழுக்கிறது. சுரண்டிப் பார்த்தால் பழுப்பாக இருந்தது. மூன்று தடவை போட்டோம், முக்கால்வாசி போய்விட்டது.

கடைசியாகக் கல்லுக்குள் ஊறுகிற சீலர் பூசினார்கள். தண்ணீர் சொட்டினால் இப்போது முத்தாக நிற்கிறது. எண்ணெய், மஞ்சள் இறங்குவதைத்தான் அது தாமதப்படுத்துமாம், புளிப்பு அரிப்பதைத் தடுக்காதாம். ஆகவே விளக்குத் துலக்குவது இப்போது கொல்லைத் தொட்டியில்.

உன் வீட்டு ஹாலும் மார்பிள்தானே. மருமகள் ஏதோ வீடியோ பார்த்துத் தண்ணீரில் வினிகர் விட்டுத் துடைக்கிறாள், போன தடவை வந்தபோது பார்த்தேன். நான் சொன்னால் மாமியார் குறை கண்டுபிடிக்கிறாள் என்று ஆகும். நீ கண்டுபிடித்த மாதிரி சொல். ஒரு வாளிக்குச் சின்ன மூடி பாத்திரம் கழுவுகிற லிக்விட் போதும், கூடினால் பிசுபிசுப்பு நின்று அழுக்கைப் பிடிக்கும். போர் தண்ணீரில் துடைத்தால் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கிறது, அதனால் இங்கே கடைசித் துடைப்புக்குக் கார்ப்பரேஷன் தண்ணீரை எடுத்து வைக்கிறேன். துடைக்கும் முன் பெருக்கச் சொல். மணல் மார்பிளை விடக் கெட்டி, ஈரத்துணியோடு சேர்ந்தால் கீறிக்கொண்டே போகும். வாசலுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று மிதியடி போடு.

அம்மி விழுந்து உடைந்த மூலையை மட்டும் நிரப்ப விடவில்லை. யார் கை நழுவியது என்று உனக்கே தெரியும். பெரியவர் அதையும் அடைத்துவிடலாம் என்றார், நான் கேட்கவில்லை.

மீதிப் பணத்தைப் போஸ்டாபீஸில் போட்டிருக்கிறேன். கணக்குச் சீட்டு பீரோவில் இருக்கிறது. கோபம் இருந்தால் வந்து நேரில் திட்டு. வரும்போது மட்டும் அந்தச் சக்கரப் பெட்டியைத் தெரு மண்ணோடு உள்ளே உருட்டிக்கொண்டு வராதே, வாசலிலிருந்து தூக்கிக்கொண்டு வா.

அன்புடன்,
அம்மா