கல் கம்பெனி முதலாளி அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கானாடுகாத்தானில் ரிவர்ஸ் எடுத்த உங்கள் கம்பெனி வேன், ஓரமாக நடந்துபோன என் அம்மாவை இடித்துத் தள்ளியது உங்களுக்குத் தெரியும். எஃப்.ஐ.ஆர். பதிவாகிவிட்டது. அதையெல்லாம் மறுபடி விவரிக்கவில்லை. போன வாரம் ஆப்பிள் பையோடு வந்த உங்கள் மேலாளர் சொன்ன பதில்தான் என்னை எழுத வைத்தது: "பையன் சொந்த வேலையா வண்டிய எடுத்துட்டுப் போயிருக்கான். கம்பெனிக்குச் சம்பந்தமில்லை."

சொந்த வேலையாகப் போகிறவர் வண்டி நிறைய ஆத்தங்குடித் தரைக்கல்லை ஏற்றிக்கொண்டா போவார்? வண்டி ஓட்டிய அந்தத் தம்பிமேல் எங்களுக்குக் கோபமில்லை. ஓடி ஒளியாமல் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் அவர்தான். இன்று போன் போட்டால் எடுப்பதில்லை. எடுக்கக்கூடாது என்று யார் சொன்னார்களோ.

அம்மா கல்யாண வீடுகளுக்குக் கைமுறுக்கு சுற்றுகிறவர். தரையில் துணி விரித்து, சம்மணம் போட்டுக் குனிந்து, மாவை விரல் நுனியில் திருகித் திருகிச் சுற்ற வேண்டும். முழங்காலுக்குக் கீழே பிளேட் வைத்த பிறகு கால் மடங்கவில்லை. நாற்காலி போட்டு மேசைமேல் சுற்றிப் பார்த்தார். ஒரு ஈடு முடிவதற்குள் தோள் கடுத்துப்போய், மாவை ஈரத்துணியால் மூடிவிட்டு எழுந்துவிட்டார். தை முகூர்த்தத்துக்கு வாங்கிய அட்வான்ஸையெல்லாம் திருப்பிக் கொடுத்தாயிற்று. 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு பார்த்துக்கொண்டது. அதற்கப்புறம் வந்த பில் எல்லாம் எங்கள் தலையில்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். வண்டி அன்று கம்பெனி வேலையாகத்தான் வந்தது என்று எழுதிக் கொடுங்கள், கூடவே இன்சூரன்ஸ் நகலையும் கொடுங்கள். வேலையாக ஓட்டும்போது ஓட்டுநர் செய்த தவறுக்கு முதலாளியும் பொறுப்பு என்பது உங்கள் வக்கீலுக்குத் தெரியாததல்ல. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டி ரோட்டுக்கே வரக்கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டம். இன்சூரன்ஸ் சரியாக இருந்தால் பணம் கட்டப்போவது இன்சூரன்ஸ் கம்பெனி, நீங்களல்ல. பிறகு எதற்கு இந்தச் சொந்த வேலைக் கதை? இன்சூரன்ஸே இல்லையா?

ஒரு கல்லைக் கண்ணாடிமேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைக்க உங்களிடம் பொறுமை இருக்கிறது. அதை இறக்கிவிட்டு வருவதற்குத்தான் நேரமில்லை. நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் ஓட்டுகிறவர் பின்னால் பார்ப்பாரா, கடிகாரத்தைப் பார்ப்பாரா? நம் ஊர்க்காரர்களும் சளைத்தவர்களில்லை. பழைய வீட்டில் ஒரு தூண் ஆடினால் ஊரே கூடிப் பேசுகிறோம். அந்த வீட்டு வாசலில் நடந்துபோகிறவருக்கு ஒதுங்க இரண்டடி இடம் விடச் சொல்லி யாரும் பேசுவதில்லை. வண்டிகளுக்குப் போக மிச்சமிருந்தால் மனிதர்கள் நடந்துகொள்ளலாம்.

சரி, எங்கேயோ போய்விட்டேன். கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 2019இல் சட்டத்தைத் திருத்தி, இழப்பீடு கேட்டுத் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்க விபத்து நடந்ததிலிருந்து ஆறு மாதம் என்று கெடு வைத்திருக்கிறார்கள். அதனால்தான் அவசரப்படுகிறேன். வண்டி கம்பெனி வேலையாக வந்தது என்று உங்கள் லெட்டர்பேடில் இரண்டு வரி, இன்சூரன்ஸ் நகல், ஆர்.சி. நகல், ஓட்டுநர் உரிமத்தின் நகல் இவற்றைத் தயவுசெய்து கொடுத்தனுப்புங்கள். மேலாளரே கொண்டுவந்தாலும் சரி. ஆனால் போன தடவை மாதிரி வெற்றுத்தாளில் அம்மாவிடம் கையெழுத்துக் கேட்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
முறுக்கு சுற்றுகிறவரின் மகள்