சீட்டில் இடமில்லாதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

உலர்த்திய செடியைத் தாளில் ஒட்டியதும், வலது பக்கக் கீழ் மூலையில் ஒரு சீட்டு ஒட்டுவோம். செடியின் பெயர், குடும்பம், எடுத்த இடம், தேதி, பூவின் நிறம், கடைசியில் சேகரித்தவர் பெயர். சேகரித்தவர் என்ற இடத்தில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. செடி நிற்கும் இடத்தைக் காட்டியவர், வேலிப்படலைத் திறந்துவிட்டவர், ஊரில் வழங்கும் பெயரைச் சொன்னவர் யாருக்கும் அதில் இடமில்லை. கடலூர்ப் பக்கம் கெடில ஆற்றங்கரையிலும் கேப்பர் மலையிலும் திருமாணிக்குழிப் பக்கமும் தானாக முளைக்கும் செடிகளைப் பதிவு செய்யும் வேலை இப்போது ஒரு கட்டத்துக்கு வந்துவிட்டது. நான் மருந்துக்கடை வைத்திருப்பவன், தாவரவியல் படித்தவன் இல்லை. உங்களை விட்டால் இந்த வேலை நடந்திருக்காது. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. படித்தால் அவரவருக்குத் தெரிந்துவிடும்.

கேப்பர் மலை அடிவாரத்தில் ஆடு மேய்க்கும் ஆயாவுக்கு முதல் நன்றி. "ஆடு எதைத் தின்னும்னு கேக்காதப்பா, எதைத் தொடாதுன்னு கேளு" என்று சொல்லி, முந்திரித் தோப்பை ஒட்டிய கொல்லையில் தரையோடு படர்ந்திருந்த ஆடுதின்னாப்பாளையைக் காட்டினார். சாம்பல் பூத்த இலைகளை அவர் கோலால் ஒதுக்கிய பிறகுதான் பூ தெரிந்தது. அடியில் சின்ன உருண்டை, அதிலிருந்து நீளும் குழாய், முனையில் கருஞ்சிவப்பாக நீண்ட ஓர் உதடு. உள்ளே கீழ்நோக்கிய மயிர்கள் இருக்கின்றன. நுழைந்த சிறு ஈ வெளியே வர முடியாது. மகரந்தம் உதிர்ந்து மயிர்கள் வாடிய பிறகுதான் அதற்கு வழி கிடைக்கும். மருந்துக்கடைக்காரனாக ஒன்று சொல்ல வேண்டும்: இதில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் அமிலம் இருக்கிறது, புற்றுநோய்க்கும் காரணமாகும். யாரும் கஷாயம் போட்டுவிடாதீர்கள். ஆடு தொடாமல் போவதை ஆயா எத்தனையோ வருஷமாகப் பார்த்து வைத்திருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

மணிலா (நிலக்கடலை) கொல்லையில் களை வெட்டும் அக்காமார்களுக்கு அடுத்த நன்றி. தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, சாரணை, மூக்கிரட்டை என்று வரிசையாகக் காட்டியதோடு, நான் எழுதி முடிக்கும்வரை கொத்தையும் நிறுத்தி வைத்தீர்கள். கூலிக்கு வந்த இடத்தில் அந்த நேரம் எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும்.

திருமாணிக்குழிப் பக்கத்துக் கோயில்காட்டில் பூசாரி ஐயா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: ஒடிக்கக் கூடாது, விழுந்தது கிடந்தால் எடுத்துக்கொள்ளலாம். நல்ல நிபந்தனை. கடலோரத்துக்கே உரிய உலர் பசுமைமாறாக் காடு இந்தப் பகுதியில் துண்டு துண்டாகத்தான் மிச்சமிருக்கிறது. அந்தத் துண்டுகளில் பலவும் சாமி பேரைச் சொல்லிப் பிழைத்தவை. காற்றில் முறிந்து விழுந்த காயா மரக் கிளை ஒன்றை எனக்காக எடுத்து வைத்து, ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். குச்சியை ஒட்டிக் கொத்துக் கொத்தாக நீலப் பூ. பூவின் நிறம் காயக் காயப் போய்விடும். அதனால் அங்கேயே அவருடைய திண்ணையில் உட்கார்ந்து நிறத்தை எழுதிக்கொண்டேன்.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பத்து மடங்கு காட்டும் லென்ஸைக் கொடுத்தார். அருட்தந்தை கே. எம். மாத்யூ 1980களில் வெளியிட்ட தமிழ்நாட்டுக் கர்நாடிக் பகுதித் தாவர நூல் தொகுதிகளையும் வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னார். கீழாநெல்லி ஒன்றை வைத்தே ஒரு மாலை முழுக்கப் பாடம் நடத்தினார். பூ இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. இதழ் ஐந்தா என்று எண்ண வேண்டும், காயைத் திருப்பிக் காம்பைப் பார்க்க வேண்டும். காம்போடு வழவழப்பான காய் என்றால் கீழாநெல்லி. காம்பே இல்லாதது போல ஒட்டிக்கொண்டு சொரசொரப்பாக இருந்தால் அது சிவப்புக் கீழாநெல்லி. மஞ்சள் காமாலைக்கு என்று பறித்துக்கொண்டு கடைக்கு வருகிறவர்களிடம் இப்போது இரண்டையும் பிரித்துக் காட்ட முடிகிறது. வைத்தியத்துக்கு டாக்டரிடம் போங்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஹெர்பேரியத்தில் (உலர்த்திய செடித் தாள்களைச் சேர்த்து வைக்கும் இடம்), வெளியாள் என்று பார்க்காமல் அலமாரிகளைத் திறந்து காட்டிய ஊழியர்களுக்கும் நன்றி. தாளைப் புத்தகப் பக்கம் போலப் புரட்டக் கூடாது, இரண்டு கையாலும் ஏந்தி முகம் மேலே இருக்கும்படியே நகர்த்த வேண்டும் என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

அப்புறம், எங்கள் தெரு இஸ்திரிக் கடை அண்ணன். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. பின்னாலேயே தென்பெண்ணையில் வெள்ளம். வீட்டில் எதுவுமே காயவில்லை. அழுத்தி வைத்த செடிக்கு ஈரத் தாளை மாற்றிக்கொண்டே இருக்காவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். அண்ணன் தன் வேலைக்கு நடுவே பழைய செய்தித்தாள்களைப் பெட்டியால் தேய்த்துத் தேய்த்துக் காயவைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அந்த மழைக்காலத்துத் தாள்கள் இன்று கெடாமல் இருப்பது அவர் புண்ணியத்தால்.

செடி அழுத்தும் கயிறு கட்டிய மரச்சட்டத்தைப் பார்த்தும் லக்கேஜ் கேட்காத பஸ் கண்டக்டர்களுக்கும், கட்டில் அடியில் பாதியைச் செடிக்கட்டுகளுக்கு விட்டுக்கொடுத்த என் மனைவிக்கும் நன்றி.

பட்டியலின் நகல் ஒன்று கடையில் இருக்கிறது. ஊர்ப்பெயர் சொன்னவர்கள் வந்து பார்த்து, விட்டுப்போனதைச் சேர்க்கச் சொல்லுங்கள். மதியம் இரண்டு முதல் நான்கு வரை கூட்டம் குறைவு, உட்கார்ந்து பேசலாம்.

அன்புடன்,
உங்கள் மருந்துக்கடைக்காரன்
கடலூர் முதுநகர்